போலிக் கடிதமும் பொதுத் தேர்தலும்: 1924ஆம் ஆண்டின் சினோவியெவ் கடிதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மக்களாட்சி வாக்குகளின் எண்ணிக்கையால் மட்டும் நிலைபெறும் ஆட்சிமுறையன்று. வாக்களிப்போரின் தீர்ப்பினால் நிலைபெறுவது. தீர்ப்பு வழங்குவோர்க்குச் சான்று வேண்டும். அச்சான்று பொய்யாயின் தீர்ப்பும் பிழைபடும். தீர விசாரியாது வழங்கிய தீர்ப்பின் கொடுமையைத் தமிழிலக்கியம் பயின்றோர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பாண்டியன் அவையிலே சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆயின், கோவலன் அதற்கு முன்னரே கொலையுண்டிருந்தான். உண்மை வெளிப்படுவது ஒன்று; உரிய காலத்தில் வெளிப்படுவது வேறொன்று. அரசியலிற் பொய்ச் செய்தியை எதிர்ப்போர் யாவரும் எதிர்நோக்கும் இடர்ப்பாடு இதுவேயாகும்.

இவ்விடர்ப்பாட்டை விளக்குதற்கு ஏற்ற ஒரு வரலாற்று நிகழ்ச்சி, 1924ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பிரித்தானியப் பொதுத் தேர்தலின்போது வெளியிடப்பெற்ற 'சினோவியெவ் கடிதம்' ஆகும். அக்கடிதம் போலியானது என்பது இன்று வரலாற்றாசிரியர் பெரும்பாலாரும் ஒப்புக்கொண்ட முடிபு. எனவே அதனை மீண்டும் நிறுவுதல் எமது நோக்கமன்று. அப்போலி எவ்வாறு அரச முத்திரை பெற்றது, அதனை மறுக்க முயன்றோர் ஏன் தோல்வியுற்றனர், அது விளைத்த கேடு உண்மையில் யாது என்னும் மூன்று வினாக்களையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் அக்காலப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1923ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் நடைபெற்ற பொதுத் தேர்தலில் எக்கட்சியும் அறுதிப் பெரும்பான்மை பெறவில்லை. பழமைபேண் கட்சி 258 ஆசனங்களையும், தொழிற்கட்சி 191 ஆசனங்களையும், தாராண்மைக் கட்சி 158 ஆசனங்களையும் பெற்றன. தாராண்மைக் கட்சியினரின் ஆதரவுடன் 1924ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி றம்சே மக்டொனால்ட் பிரதம மந்திரியானார். பிரித்தானிய வரலாற்றில் தொழிற்கட்சி அமைத்த முதலாவது அரசாங்கம் இதுவேயாகும். மக்டொனால்ட் பிரதம மந்திரிப் பதவியோடு வெளிநாட்டமைச்சர் பதவியையும் தாமே வகித்தார். ஒருவரே இருபெரும் பொறுப்புக்களைச் சுமந்தமை பின்னர் நேர்ந்த தாமதத்துக்கு ஓரளவு காரணமாயிற்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

புதிய அரசாங்கம் பெப்ரவரி மாதத்திற் சோவியற் ஒன்றியத்தை அங்கீகரித்தது. ஓகத்து மாதத்தில் அந்நாட்டுடன் இரு உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. சில நிபந்தனைகள் நிறைவேறின் சோவியற் ஒன்றியத்துக்குக் கடனுதவி பெறப் பிரித்தானியா உத்தரவாதமளிக்கும் என்ற ஏற்பாடு எதிர்க்கட்சியினரின் கடுங் கண்டனத்துக்குள்ளாயிற்று. இதே வேளையில் 'வேர்க்கர்ஸ் வீக்லி' என்னும் கம்யூனிஸ்ட் ஏட்டின் ஆசிரியரான கம்பெல் என்பார்மீது, படைவீரரைக் கலகத்துக்குத் தூண்டினார் என வழக்குத் தொடரப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. வழக்குக் கைவிடப்பட்டமை அரசியற் காரணத்தாலாயது எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஒக்டோபர் 8ஆந் திகதி பொதுமக்கள் சபையில் 364 வாக்குகளுக்கு 198 வாக்குகளென்ற கணக்கில் அரசாங்கம் தோல்வியுற்றது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, ஒக்டோபர் 29ஆந் திகதி தேர்தல் நாளாகக் குறிக்கப்பட்டது. அரசாங்கத்தைக் கவிழ்த்தது கம்பெல் விவகாரமேயன்றிக் கடிதமன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். அது 1924 செத்தெம்பர் 15ஆந் திகதியிடப்பட்டது. கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவரான சினோவியெவ், பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழுவுக்கு எழுதியதாக அமைந்தது. சோவியற் உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அரசாங்கத்தை வற்புறுத்தத் தொழிலாளரைத் திரட்டுக என்றும், படைப்பிரிவுகளிலே கட்சிக் கிளைகளை அமைத்து வருங்காலப் புரட்சிக்கு ஆயத்தஞ் செய்க என்றும் அது பணித்தது. பிரித்தானிய இரகசியப் புலனாய்வுச் சேவையின் றைகா நகர நிலையத்தினூடாக இலண்டனை அடைந்த இதன் பிரதி, ஒக்டோபர் 10ஆந் திகதியளவில் வெளிநாட்டமைச்சுக்குக் கிடைத்தது. பாராளுமன்றம் கலைக்கப்பட்ட மறுநாளே அது அங்குற்றது என்பது கருதத்தக்கது.

இங்கு இரண்டு செய்திகள் உற்றுநோக்கற்பாலன. ஒன்று, அமைச்சுக்குக் கிடைத்தது மூலக் கடிதமன்று, கடிதத்தின் வாசகமே. மூலத்தை அமைச்சின் அலுவலர் எவரும் கண்டிலர். மற்றொன்று, அதன் மெய்ம்மைக்குத் துணைச்சான்றாகக் காட்டப்பெற்ற ஒற்றர் அறிக்கையின் நிலை. பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியுள் இருந்த ஒற்றரொருவர், அக்கட்சியின் கூட்டத்தில் இக்கடிதம் ஆராயப்பட்டதாகத் தெரிவித்தார் எனப் புலனாய்வுச் சேவை கூறிற்று. ஆயின், அவ்வொற்றர் முதலில் அளித்த அறிக்கையில் அத்தகைய கடிதம் பற்றிய குறிப்பு இருக்கவில்லை. புலனாய்வு அதிகாரியான டெஸ்மண்ட் மோர்ட்டன் அவரை மீண்டும் வினவிய பின்னரே அச்செய்தி சேர்ந்தது. வினவுவோன் எதிர்பார்க்கும் விடையே விடையாக வருதல் புலனாய்வுக்கு மட்டுமன்றி வரலாற்றாராய்ச்சிக்கும் நேரக்கூடிய இடையூறாகும்.

சாசன ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் ஒரு செப்பேட்டின் மெய்ம்மையை எங்ஙனம் சோதிப்பர்? எழுத்தமைதியை நோக்குவர், அரசனின் விருதுப் பெயர்கள் உரியனவா எனப் பார்ப்பர், ஆட்சியாண்டும் இடமும் பிற சான்றுகளோடு பொருந்துகின்றனவா என ஒப்பிடுவர். இம்முறையையே சினோவியெவ் கடிதத்துக்கும் பயன்படுத்தியிருக்கலாம். கடிதத்தின் தலைப்பு 'மூன்றாவது கம்யூனிஸ்ட் அகிலம்' என்றிருந்தது. அகிலங்களின் வரிசையில் அது மூன்றாவதாயினும், கம்யூனிஸ்ட் அகிலம் ஒன்றே இருந்தது. அவ்வமைப்புத் தன்னை அங்ஙனம் அழைத்துக்கொள்வதில்லை. கையொப்பமிட்டவருக்குக் கொடுக்கப்பட்ட பதவிப் பெயரும் அவர் உண்மையில் வகித்த பதவிக்குப் பொருந்தவில்லை. கடிதத்தில் உள்ள நாளிலே தாம் கிஸ்லோவொட்ஸ்க் என்னும் நகரில் ஓய்விலிருந்ததாகச் சினோவியெவ் பின்னர் தெரிவித்தார். இவை தனித்தனியே முடிவான சான்றுகளல்ல எனினும், ஓர் அலுவலகம் தயங்கி நிற்பதற்குப் போதுமானவை.

வெளிநாட்டமைச்சு தயங்குதற்கு வேறொரு காரணமும் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1921ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், வெளிநாட்டமைச்சராயிருந்த கேர்சன் பிரபு சோவியற் அரசுக்கு ஒரு கண்டனக் குறிப்பு அனுப்பியிருந்தார். அதற்கு ஆதாரமாயமைந்த ஆவணங்களுட் பல பேர்லினில் உருவாக்கப்பட்ட போலிகள் எனப் பின்னர் தெரியவந்து, பிரித்தானிய அரசு தலைகுனிய நேர்ந்தது. புரட்சியால் நாடிழந்து ஐரோப்பிய நகரங்களிற் சிதறி வாழ்ந்த ருசியருட் சிலர் இத்தகைய ஆவணங்களை எழுதுதலையே தொழிலாகக் கொண்டிருந்தனர். அவற்றை விலைகொடுத்து வாங்குவோரும் இருந்தனர். ஒருமுறை சுட்ட அடுப்பிலேயே அதே அமைச்சு மறுமுறையும் கைவைத்தது.

அவ்வாறாயின் அறிவிற் சிறந்த அலுவலர்கள் இதனை ஏன் நம்பினர்? கடிதம் கூறியது நடவாத காரியமன்று என்பதே விடை. கம்யூனிஸ்ட் அகிலம் பிற நாட்டுக் கட்சிகளுக்கு இத்தகைய பணிப்புரைகளை அனுப்பி வந்தது. படைவீரரிடையே பிரசாரஞ் செய்வதும் அதன் பகிரங்கக் கொள்கையாயிருந்தது. முற்றும் புனைந்த பொய் எளிதில் வேரூன்றாது. மெய்யின் நிலத்தில் ஊன்றிய பொய்யே தழைக்கும். 'அவன் இதனைச் செய்யக்கூடியவன்' என்பதிலிருந்து 'அவன் இதனைச் செய்தான்' என்பதற்குத் தாவுவதே பொய்ப் பிரசாரம் எம்மிடம் எதிர்பார்க்கும் பிழையாகும்.

மக்டொனால்ட் இவ்விடயத்தில் முதலில் நடந்துகொண்ட முறை குறைகூறத்தக்கதன்று. தேர்தற் பிரயாணத்தின்போது ஒக்டோபர் 16ஆந் திகதி மான்செஸ்ரரில் அவர் பிரதியைக் கண்டார். அதன் மெய்ம்மையை நன்கு ஆராயுமாறும், மெய்யாயின் அனுப்புதற்குரிய கண்டனக் குறிப்பொன்றை வரையுமாறும் பணித்தார். வரைவு அவருக்கு அனுப்பப்பட்டது. அவர் அதிற் பல திருத்தங்கள் செய்து, ஒப்புதற் குறியிடாது திருப்பியனுப்பினார். அது 24ஆந் திகதி இலண்டனை அடைந்தது. அன்றே, டெயிலி மெயில் பத்திரிகையிடம் கடிதத்தின் பிரதி உண்டு என்ற செய்தியும் அமைச்சுக்கு எட்டியது. நிரந்தரச் செயலாளரான சேர் அயர் குறோ, அமைச்சு உண்மையை மறைத்தது என்ற பழி நேராதிருக்க வேண்டும் எனக் கருதி, கண்டனக் குறிப்பைச் சோவியற் தூதரகப் பொறுப்பாளர் றக்கோவ்ஸ்கிக்கு அனுப்பி, கடிதத்துடன் சேர்த்துப் பத்திரிகைகளுக்கும் வழங்கினார். குறோ சூழ்ச்சிக்காரரல்லர், கடிதம் மெய்யென அவர் உண்மையாகவே நம்பினார். ஆயினும் அச்செயலின் விளைவு யாது? ஒரு பத்திரிகையின் செய்தியாக மட்டும் வெளிவந்திருக்கக்கூடிய கடிதம், அரசின் கண்டனக் குறிப்போடு வெளிவந்தமையால் அரசே மெய்யென ஏற்ற ஆவணமாயிற்று. அமைச்சரின் இறுதி ஒப்புதலின்றியே அவர் பெயரால் அது நிகழ்ந்தது.

ஒக்டோபர் 25ஆந் திகதி, சனிக்கிழமை, தேர்தலுக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தவிடத்து, டெயிலி மெயில் பெரிய எழுத்துக்களில் இதனை வெளியிட்டது. தொழிற்கட்சியை ஆட்டுவிக்கும் எசமானர்கள் உள்நாட்டுப் போருக்குச் சதி செய்கின்றனர் என்பதே அத்தலைப்புக்களின் கருத்து. ஏனைய பத்திரிகைகளும் வெளியிட்டன. கடிதமோ பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எழுதியதாக உள்ளது. தொழிற்கட்சியோ அக்கட்சியைத் தன்னோடு இணைத்துக்கொள்ள மறுத்து வந்தது. இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்லும் பொறுமை தேர்தற் காலத்தில் எவர்க்கும் இருக்கவில்லை.

மறுப்புக்கள் வராமலில்லை. றக்கோவ்ஸ்கி உடனடியாகவே கடிதம் போலியென அறிவித்து, அதன் அகச்சான்று முரண்பாடுகளையும் சுட்டினார். ஆனால், குற்றஞ்சாட்டப்பட்ட அரசின் பிரதிநிதி கூறும் மறுப்பு எத்துணைச் செம்மையானதாயினும் எடுபடுவதில்லை. எடுபடக்கூடிய மறுப்பை அளிக்கத்தக்கவர் மக்டொனால்ட் ஒருவரே. அவரோ சனியும் ஞாயிறும் இதுபற்றி வாய்திறவாது, 27ஆந் திகதி கார்டிவ் நகரிற் பேசியபோதே தம் ஐயத்தை வெளியிட்டார். அப்பேச்சும் தெளிவாக அமையவில்லை. கடிதம் போலியாயின் அவருடைய அமைச்சு ஏன் கண்டனம் அனுப்பியது என்ற வினாவுக்கு அவரால் விடையளிக்க இயலவில்லை. இரண்டு நாள்களில் வாக்கெடுப்பு நடந்தேறிற்று.

பழமைபேண் கட்சி 412 ஆசனங்களைப் பெற்றுப் பெருவெற்றி ஈட்டியது. தொழிற்கட்சியின் ஆசனங்கள் 191இலிருந்து 151ஆகக் குறைந்தன. தாராண்மைக் கட்சி 158இலிருந்து 40ஆக வீழ்ந்தது. போலிக் கடிதமே தொழிற்கட்சியைத் தோற்கடித்தது என்ற நம்பிக்கை அக்கட்சியினரிடையே பல தலைமுறைகளாக நிலவியது. இந்நம்பிக்கை வாக்குக் கணக்கோடு பொருந்துகின்றதா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும். தொழிற்கட்சியின் வாக்குகள் முன்னைய தேர்தலிலும் பார்க்க ஏறத்தாழ 10 இலட்சம் அதிகரித்திருந்தன. அதன் விகிதம் நூற்றுக்கு 31இலிருந்து 33ஆக உயர்ந்தது. இவ்வுயர்வின் ஒரு பகுதி, அக்கட்சி முன்னையிலும் ஏறத்தாழ 90 வேட்பாளரை அதிகமாக நிறுத்தியதால் வந்தது என்பதையும் மறுக்கவியலாது. உண்மையிற் சரிந்தது தாராண்மைக் கட்சியே. அதன் வாக்கு விகிதம் 30இலிருந்து 18ஆகக் குறைந்தது. அதன் வேட்பாளர் தொகையும் நூற்றுக்கு மேலாகக் குறைந்திருந்தது. அவ்வாக்காளருட் பெரும்பகுதியினர் பழமைபேண் கட்சியைச் சார்ந்தனர். கடிதம் இச்சார்வை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் அது கடிதத்துக்கு முன்னரே தொடங்கிவிட்ட போக்காகும். கடிதம் வெளிவராதிருப்பினும் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றிருக்கும் எனக் கொள்வதற்கு ஆதாரமில்லை.

இம்முடிபு சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயின் இங்கேதான் வரலாற்றாசிரியனின் கடமை கடினமாகின்றது. போலியைப் போலியென்று நிறுவுவோன், அப்போலியின் ஆற்றலைப் பற்றி எழுந்த மற்றொரு கட்டுக்கதையையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். தோல்விக்கெல்லாம் சதியே காரணமென நம்பிய கட்சி, தன் குறைகளை ஆராயும் வாய்ப்பை இழக்கின்றது. பொய்யை எதிர்க்கும் பணியிற் கைக்கொள்ளும் மிகைக்கூற்றும் இறுதியிற் பொய்க்கே துணைபோகும்.

அங்ஙனமாயிற் கடிதம் கேடெதுவும் விளைக்கவில்லையா? விளைத்தது. பதவி விலகுமுன் மக்டொனால்டின் மந்திரி சபைக் குழுவொன்று கடிதத்தை ஆராய்ந்து, முடிவெதற்கும் வரமுடியாதெனக் கூறியது. அடுத்து வந்த போல்ட்வின் அரசாங்கத்தின் குழுவோ அதே மாதத்தில் அதனை மெய்யென அறிவித்தது. சோவியற் உடன்படிக்கைகள் கைவிடப்பட்டன. 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் இராசதந்திர உறவும் முறிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுநிலை பேணவேண்டிய அரச சேவை ஒரு கட்சிக்குச் சார்பாக இயங்கியது என்ற ஐயம், தேர்தலில் தோற்ற பெருந்தொகையான குடிமக்களின் உள்ளத்திற் படிந்தது. தேர்தல் முடிவிலும் பார்க்க இந்த ஐயமே மக்களாட்சிக்கு நீண்டகால ஊறாக அமைந்தது என்பது எமது கருத்து.

உண்மை வெளிப்பட்ட வரலாறும் கவனிக்கத்தக்கது. 1924ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியத் தொழிற்சங்கத் தூதுக்குழு மொஸ்கோவுக்குச் சென்று அகிலத்தின் பதிவேடுகளைப் பார்வையிட்டுக் கடிதம் போலியென முடிவு செய்தது. அது சார்புடையோர் கூற்றெனத் தள்ளப்பட்டது. 1928ஆம் ஆண்டில் டெயிலி மெயில் ஆசிரியராயிருந்த மார்லோ, தமக்குப் பிரதிகள் இருவேறு வழிகளாற் கிடைத்தன என்று எழுதினார். அவ்விவகாரம் மீண்டும் பாராளுமன்றத்தில் எழுந்து அடங்கிற்று. 1960களிற் பத்திரிகையாளர் மூவர், கடிதத்தைப் புனைந்தோர் எனக் கூறப்பட்ட ருசியர் ஒருவரின் மனைவியின் வாக்குமூலத்துடன் 1967இல் நூலொன்று வெளியிட்டனர். இறுதியாக, வெளிநாட்டமைச்சர் றொபின் குக்கின் பணிப்பின்பேரில், அவ்வமைச்சின் தலைமை வரலாற்றாசிரியரான ஜில் பெனெற், புலனாய்வுச் சேவையின் பதிவேடுகளையும் மொஸ்கோவின் பதிவேடுகளையும் ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். கடிதம் பெரும்பாலும் போலியென்பதும், புலனாய்வுச் சேவையோடு தொடர்புடையோர் வாயிலாகவே அது பழமைபேண் கட்சிச் சார்பாளரைச் சென்றடைந்திருக்கலாம் என்பதும், ஆயினும் அச்சேவை முழுவதும் திட்டமிட்டு நடத்திய சதியெனக் காட்டச் சான்றில்லை என்பதும் அவர் கண்ட முடிபுகள். பிரதிகள் பலரிடம் பரவியிருந்தமையால் கசியவிட்ட கை இன்னதெனச் சுட்ட அவரால் இயலவில்லை. உண்மை வெளிவர 75 ஆண்டுகள் சென்றன. 1924இல் வாக்களித்தோருட் பெரும்பாலார் அப்போது உயிரோடில்லை.

ஆயின், காலந்தாழ்ந்த உண்மை பயனற்றதென்று நாம் முடிவு செய்தலாகாது. கடிதத்தோடு தொடர்புபட்ட இருவரின் பிற்கால வாழ்வை நோக்குக. சினோவியெவ் 1936ஆம் ஆண்டு மொஸ்கோ விசாரணையிற் புனைந்த குற்றச்சாட்டுக்களின் பேரில் மரண தண்டனைக்குள்ளானார். றக்கோவ்ஸ்கி 1938ஆம் ஆண்டு அத்தகைய விசாரணையிலேயே தண்டிக்கப்பட்டு 1941இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே ஐயத்தை எழுப்பப் பாராளுமன்றமில்லை, எதிர்த்தெழுதப் பத்திரிகையில்லை. 1988ஆம் ஆண்டுவரை அவர்தம் குற்றமின்மை அரசால் ஒப்புக்கொள்ளப்படவில்லை. பிரித்தானியாவிற் பொய் வென்றது. ஆனால், அது பொய்யென்று கூறும் உரிமை ஒருநாளும் பறிக்கப்படவில்லை. மக்களாட்சி பொய்க்கு இடங்கொடாத முறையன்று. பொய்யைத் திருத்திக்கொள்ள வழிவைத்த முறையென்றே அதனைக் கருதவேண்டும்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் முடிபுகளைத் தொகுத்துரைப்பின் அவை நான்காகும். முதலாவது, மூலம் காணாத ஆவணத்தை மெய்யெனவும் கொள்ளலாகாது. அதன்மேல் அரச முத்திரை இடலுமாகாது. 'ஆராயப்படுகின்றது' என்று ஓர் அரசு கூறுவது இழுக்கன்று. இரண்டாவது, மறுப்பு விரைவாகவும் தெளிவாகவும் அமைதல் வேண்டும். பொறுப்புள்ளோரின் மௌனம் ஒப்புதலாகவே கொள்ளப்படும். மூன்றாவது, குற்றஞ்சாட்டப்பட்டோரும் குற்றஞ்சாட்டுவோரும் அல்லாத, இருசாராரும் மதிக்கும் நடுநிலை அமைப்பொன்று மறுப்பைக் கூறும்போதே அது மக்களைச் சென்றடையும். 1924இல் அத்தகைய அமைப்பு இல்லாமையே பெருங்குறை. நான்காவது, பொய்யைத் தடுத்தற்கெனப் பத்திரிகைகளின் வாயைக் கட்டுதல் மருந்தாகாது. பதிவேடுகளைப் பூட்டி வைத்தமையே இப்பொய்யின் ஆயுளை முக்கால் நூற்றாண்டாக நீட்டியது.

பிரித்தானியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வாக்குரிமை 1928ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. இலங்கையில் 1931ஆம் ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்துவிட்டது. அவ்வுரிமையை ஏறத்தாழ அவர்களோடு ஒருங்கே பெற்ற எமக்கு, அதற்கு நேரக்கூடிய ஊறுகளை அறிந்திருக்கும் கடமையும் உண்டு. இன்று ஒரு போலி ஆவணம் றைகாவிலிருந்து இலண்டனுக்கு வர நாட்கணக்கு வேண்டியதில்லை, கணப்பொழுது போதும். ஆயின் அதனைச் சோதிக்கும் வினாக்கள் மாறவில்லை. மூலம் எங்கே? கண்டவர் யார்? திகதியும் பெயரும் பொருந்துகின்றனவா? இதனால் நயமடைபவர் எவர்? இவ்வினாக்களை வரலாற்று மாணவர் தம் ஆராய்ச்சியில் நாள்தோறும் கேட்கின்றனர். வாக்களிப்பு நாளுக்கு முன்னர் ஒவ்வொரு குடிமகனும் இவற்றைக் கேட்கப் பழகுவானாயின், வரலாற்றுக் கல்வி தன் கடனை ஓரளவு செய்ததாகும்.